கறுப்பனுக்குக் காயடிக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து, ரப்பரும் வாழையும் மரச்சீனியுமாக இரண்டு ஏக்கர் விளை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய சித்தப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வந்த கன்னி இனக் கடுவன் நாய்க்கு இப்போது 16 மாதம் ஆகிறது. உடல் கறுப்பு, கால்களிலும் மோவாயிலும் பழுப்பு, பெயரும் கறுப்பன். நான்கைந்து மாதங்களாக, ஊரில் எந்தப் பெட்டை நாய் பருவத்துக்கு வந்தாலும் ஐந்தடி மதிலைத் தாண்டி ஓடிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து, காது கிழிந்தோ கால் நொண்டியோ திரும்பி வருகிறது. ஒரு முறை அண்டை வீட்டு ஆட்டுக்குட்டியை விரட்டிப்போய்க் கவ்விவிட்டது. குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் இரு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. சென்ற வாரம், விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்ட வந்த தொழிலாளியின் கெண்டைக்காலில் கடித்திருக்கிறது. "லேசாகப் பல் பட்டதுதான், மஞ்சள் வைத்துக் கட்டினோம்" என்று எழுதியிருக்கிறார்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. காயடித்துவிட்டால் ஓடுவதும் துரத்துவதும் கடிப்பதும் ஒருசேர அடங்கிவிடும் என்கிறார் மனைவி. "காயடித்த நாய் சோற்றுக்குத்தான் ஆகும், வேகமும் ரோஷமும் போய்விடும்; செய்வதாக இருந்தாலும் ஒரு தடவையாவது கிராஸ் விட்ட பிறகு செய்" என்கிறார் சித்தப்பா. நல்ல இனம் என்பதால் பெட்டை வைத்திருக்கும் இருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். இரவில் விளைக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்டவும், எப்போதாவது முயலுக்கும், நாயைக் கூட்டிக்கொண்டு போவது சித்தப்பாவின் வழக்கமாம். "காயடித்தால் வேட்டைக் குணம் போகுமா, போகாதா? செய்யலாமா, வேண்டாமா?" என்பது வாசகரின் கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நாயைப் பற்றிப் பேசுமுன் பால்வெட்டும் தொழிலாளியைப் பற்றிப் பேச வேண்டும். அவர் அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போயிருக்க வேண்டும் என்பதை உங்களுக்குத் தனியே தெரிவித்துவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். நாய்க்கடி பட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. வெறிநோய் கண்ட பிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. கடித்தவுடன் கழுவுவதும் மருத்துவமனையில் போடும் தடுப்பு ஊசிகளுமே காவல், அந்த ஊசிகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பல் லேசாகப் பட்டதா ஆழமாகப் பட்டதா என்று வீட்டில் இருந்தபடி முடிவுசெய்ய நமக்கு உரிமை இல்லை. கடித்த நாளிலிருந்து 10 நாள் கறுப்பனைக் கட்டிவைத்துக் கவனியுங்கள். குட்டியில் ஒரு முறை ஊசி போட்டதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள்; வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தொடர வேண்டும். அந்தப் பத்து நாள் நலமாகக் கழிந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். தொழிலாளியின் மருத்துவச் செலவையும் அவர் இழந்த நாட்கூலியையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கடிதத்தை இரண்டு முறை படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: உங்கள் மனைவி எதிர்பார்ப்பதும் சித்தப்பா அஞ்சுவதும் ஒரே காரியத்தை. விதை போனால் துரத்தும் குணமும் போகும் என்று இருவரும் நம்புகிறார்கள். ஒருவருக்கு அது வேண்டும், மற்றவருக்கு அது வேண்டாம், அவ்வளவே வேறுபாடு. அந்த நம்பிக்கையே சரியில்லை என்பதால், இருவருடைய வாதத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு காரணங்களை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

எது மாறும், எது மாறாது

விதைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பு நாயின் பல நடத்தைகளைத் தூண்டுகிறது, எல்லாவற்றையும் தூண்டுவதில்லை. பெட்டையின் வாடையைத் தேடி ஊர் சுற்றுவது அந்தச் சுரப்பின் நேரடி வேலை. ஆகவே அறுவைக்குப் பின் பெரும்பாலான கடுவன்களில் இந்த அலைச்சல் தெளிவாகக் குறைகிறது. சிலவற்றில் சில வாரங்களிலும், சிலவற்றில் நான்கைந்து மாதங்களிலும். பெட்டைக்காக மற்றக் கடுவன்களோடு போடும் சண்டையும் பல நாய்களில் குறையும். கண்ட இடத்தில் காலைத் தூக்கி மூத்திரம் பெய்து எல்லை குறிப்பது ஏறத்தாழப் பாதி நாய்களில் குறைகிறது, மீதிப் பாதியில் பழக்கமாகவே நின்றுவிடுகிறது. மதில் தாண்டுவதில் ருசி கண்ட நாய்க்கு அந்த ருசி சுரப்பு போன பிறகும் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும் என்பதால், அறுவை முடிந்த மறுவாரமே மதிலை மறந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

வேட்டை அப்படிப்பட்டதன்று. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் இனங்கள். கரிசல் பூமியில் முயலின் அசைவு கண்ணில் பட்டதும் கால் தன்னால் எழ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த குணம் அது. மூளையின் அமைப்பில் இருப்பது, விதையில் இருப்பதன்று. சித்தப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கோவில்பட்டிப் பக்கத்தில் அவர் பார்த்த நல்ல வேட்டை நாய்களில் பெட்டைகள் எத்தனை? பெட்டைகள் கடுவனுக்குச் சற்றும் குறையாமல் ஓடுவதை நேரில் பார்த்தவர் அவர். 'வேகம் போய்விடும்' என்ற பயத்துக்கும் நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களை உழுததும் சுமை வண்டிகளை இழுத்ததும் காயடித்த காளைகள்தாம். அவற்றுக்குத் திமிர் குறைந்ததே தவிரத் தெம்பு குறையவில்லை. காயடித்த நாய் குண்டாவது உண்மை. அதற்குக் காரணம் கத்தி அன்று, தட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே உங்கள் மனைவியிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஆட்டுக்குட்டி ஓடினால், காயடித்த கறுப்பனும் துரத்தும். அதற்கு மருந்து கயிறும் பழக்கமும். விளைக்குள் அவிழ்த்து விடுவதாக இருந்தால் சுற்றுவேலி இருக்க வேண்டும். வெளியே போனால் கழுத்துப் பட்டையும் நீளக் கயிறும் கையில் இருக்க வேண்டும். ஒரு வயது கடந்த வேட்டை நாயை ஆடுகளுக்கு நடுவே அவிழ்த்துவிட்டு, அது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் என்று நம்புவது நாய்க்கும் ஆட்டுக்கும் செய்யும் அநியாயம்.

பால்வெட்டுக்காரரைக் கடித்தது இன்னொரு வகை. நினைத்துப் பாருங்கள்: விடிவதற்கு முன், இருட்டில், நெற்றியில் விளக்குக் கட்டிய ஓர் உருவம், கையில் கத்தியோடு மரத்துக்கு மரம் நகர்கிறது. அந்த வெளிச்சத்தில் மனித முகமே தெரியாது. கறுப்பன் குரைத்துக்கொண்டே பின்வாங்கி, அவர் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து காலைக் கவ்வியதாக எழுதியிருக்கிறீர்கள். இது முழுக்க வீரத்தால் கடித்த கடியன்று. அச்சம் கலந்த கடி. அச்சத்தால் கடிக்கும் நாய்க்கு விதை நீக்கினால் கடி நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. காயடித்த நாய்களில், முக்கியமாகச் சிறு வயதிலேயே காயடிக்கப்பட்டவற்றில், பயமும் பதற்றமும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டியவை என்பதால் முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ஒதுக்கவும் மாட்டேன். செய்ய வேண்டியது எளிது. பால்வெட்டு முடியும் வரை கறுப்பன் கூண்டிலோ அடைப்பிலோ இருக்கட்டும். பகலில் அந்தத் தொழிலாளி, அவருக்கு விருப்பமிருந்தால், விளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரட்டும். தூரத்தில் நின்றபடி ஒரு துண்டு மீனோ இறைச்சியோ போடட்டும். நாளுக்கு நாள் தூரம் குறையட்டும். ஒரு நாள் விளக்கை நெற்றியில் கட்டிக்கொள்ளட்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இதைச் செய்யாமல் அறுவையை மட்டும் நம்பினால் இன்னொரு கடிக்கு வழிவைத்ததாகும்.

உடல்நலத்தின் கணக்கு

இங்கேதான் அறுவைக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. கடிதத்தில் உங்கள் வீட்டார் யாருமே இவற்றைச் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. ஊர் சுற்றும் கடுவன்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் நோய், இணைசேரும்போது பரவும் பால்வினைப் புற்றுக்கட்டி. இணைசேரும் வேளையில் ஒரு நாயின் புற்றணுக்களே இன்னொரு நாயின் உறுப்பில் ஒட்டிக்கொண்டு காலிஃபிளவர் போல வளரும்; குறியின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வரும். தெருநாய்கள் மிகுந்த நம் நாட்டில் இது சாதாரணம். வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை நான்கு முதல் ஆறு வாரம் வரை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்பது ஆறுதல். ஆனாலும் அது ஒரு புற்றுநோய் மருந்து. கறுப்பன் இதுவரை எத்தனை பெட்டைகளிடம் போயிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, குறித்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கின்றனவா என்றும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் பிற்காலத்தில் அதில் புற்று வரும் வாய்ப்பு அதிகம், அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும், அப்படியிருந்தால் அறுவை தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை.

வயதான பிறகு வருபவை வேறு. ஆறேழு வயதைக் கடந்த, காயடிக்காத கடுவன்களில் பெரும்பாலானவற்றுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருக்கும். மலம் கழிக்க முக்கும், மூத்திரத்தில் இரத்தம் வரும். விதையில் கட்டி, ஆசனவாயைச் சுற்றிக் கட்டி, அதன் பக்கத்தில் குடலிறக்கம் ஆகியவையும் வரலாம். விதை நீக்கிய நாய்க்கு இவற்றுள் பெரும்பாலானவை வருவதில்லை. சரியாகச் சொல்ல வேண்டுமானால், இவற்றுள் பலவற்றை அவை வந்த பிறகு அறுவை செய்தும் தீர்க்கலாம். ஆகவே 'இப்போதே செய்யாவிட்டால் புற்றுநோய் வரும்' என்று யாராவது மிரட்டினால் அஞ்ச வேண்டாம். புராஸ்டேட்டில் வரும் உண்மையான புற்று அரிது, அதை இந்த அறுவை தடுப்பதும் இல்லை.

மறுதட்டில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண் சுரப்பும் பெண் சுரப்பும்தான் எலும்பின் வளர்ச்சி முனைகளை மூடச் செய்கின்றன. வளர்ச்சி முடியுமுன் காயடித்தால் கால் எலும்புகள் சற்றுக் கூடுதலாக நீண்டு, மூட்டுகளின் பொருத்தம் மாறிவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன் காயடிக்கப்பட்ட கடுவன்களிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு, காயடிக்காதவற்றைப் போல இரு மடங்கு காணப்பட்டது. கன்னி நாயின் உடல்வாகு ரெட்ரீவரைப் போன்றதன்று. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனாலும் நெடுங்காலில் முழுவேகமாக ஓடுவதற்கென்றே அமைந்த ஓர் உடம்பில், எலும்பு முற்றும் வரை காத்திருப்பதே அறிவு என்பது என் கருத்து. நெடிய, பெரிய உடல் கொண்ட நாய்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை வயது.

உங்களுக்கு நான் சொல்லும் முடிவு

உங்கள் நிலையில் நான் இருந்தால், கறுப்பனுக்கு ஒன்றரை வயது முடிந்த பிறகு விதைநீக்க அறுவை செய்துவிடுவேன். துரத்துவது நிற்கும் என்பதற்காகவோ கடிக்காது என்பதற்காகவோ அன்று. அலைச்சலும், அதனால் வரும் சண்டையும் புண்ணும் நோயும், சாலையில் வண்டியில் அடிபடும் ஆபத்தும் குறையும் என்பதற்காக. மார்கழி மாத நாய்க் கூட்டத்தைப் பற்றி ஊரில் கேலிப்பேச்சு உண்டு. அந்தக் கூட்டத்தில் கடைசியாக ஓடும் நாயின் நிலையை மருத்துவமனை மேசையில் பார்க்கும் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. கறுப்பனால் ஊர்ப் பெட்டைகள் ஈனும் குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றை வளர்ப்பவரின் பொறுப்பாகவே வைத்திருக்கின்றன.

எனக்குத் தயக்கம் தரும் ஒரே கேள்வி இனத்தைப் பற்றியது. சித்தப்பாவின் பேச்சில் நான் மதிக்கும் பகுதியும் அதுதான். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, இராஜபாளையம் ஆகிய நம் நாட்டு நாய்களில் கலப்பில்லாத நல்ல விலங்குகள் ஏராளமாக இல்லை. உண்மையிலேயே சிறந்த ஒரு கடுவனின் வழி அறுந்துபோவது இழப்புத்தான். ஆனால் 'ஒரு தடவை கிராஸ் விட்டால்தான் நாய்க்கு நல்லது' என்பது வேறு பேச்சு, அதில் உண்மை இல்லை. இணைசேராததால் கடுவனுக்கு எந்த நோயும் வருவதில்லை. ஒரு முறை பழகிய நாய் மேலும் அலையத்தான் செய்யும். கறுப்பனின் தாய், தகப்பன், உடன்பிறந்தவை இவற்றின் உடல்நலமும் குணமும் சித்தப்பாவுக்குத் தெரியுமா? கேட்டு வந்த இருவரின் பெட்டைகள் நெருங்கிய உறவா? அந்நியரைக் கண்டு அஞ்சிக் கடிக்கும் குணம் ஓரளவு வழிவழியாக இறங்கக்கூடியது என்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்வீர்களா? இவற்றுக்கெல்லாம் நிறைவான பதில் இருந்து, பிறக்கும் குட்டிகளுக்கும் முன்கூட்டியே வீடு பார்த்து, அதன் பிறகு ஒரு முறை இணைசேர்க்க விரும்பினால், நான் குறுக்கே நிற்க மாட்டேன். குட்டிகளை விற்பதையே தொழிலாக்கினால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அளவில், அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. விந்துக் குழாயை மட்டும் வெட்டிக் கட்டினால் குட்டி பிறக்காது. ஆனால் சுரப்பு அப்படியே இருப்பதால் அலைச்சலும் சண்டையும் குறையாது, உங்கள் தொல்லைக்கு அது உதவாது. டெஸ்லோரெலின் என்னும் மருந்துக் குச்சியைத் தோலுக்கடியில் வைத்தால், அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சுரப்பு அடங்கியிருக்கும், பிறகு மீளும். அறுவைக்குப் பின் நாய் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க விரும்புபவர்களுக்கு நல்ல ஏற்பாடு; முதல் சில வாரங்களில் சுரப்பு கூடித் தொல்லை அதிகமாகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும் பொருளன்று, விலையும் கூடுதல்.

வேட்டையைப் பற்றி

சித்தப்பா வயதில் மூத்தவர். ஆனாலும் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பது கொல்வது மட்டுமில்லை. விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வதுகூட வேட்டைதான். முயலும் மிளா என்னும் கடமானும் காட்டுப்பன்றியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருபவை. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் நடந்தால் குறைந்தது மூன்றாண்டு, ஏழாண்டு வரை. நம் மாவட்டத்தின் மலைக்காடுகளில் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. உங்கள் விளையின் எல்லையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். முயலின் பின்னால் ஓடும் நாய்க்கு எல்லைக்கல் தெரியாது.

மரச்சீனியையும் வாழையையும் பன்றி ஓரிரவில் உழுதுபோட்டுவிட்டுப் போகும் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கான வழி, பயிரிழப்பைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுப்பதும், வேலியும்தான். பன்றியைப் பிடிப்பதோ சுடுவதோ வனத்துறையின் வேலை, நாயின் வேலையன்று. பன்றிக் கொம்பு ஒரே இழுப்பில் மெலிந்த வேட்டை நாயின் தொடையைத் திறந்துவிடும். அதைவிடக் கொடுமை, பன்றிக்கென்று யாரோ வெடிமருந்து பொதிந்து போட்டுவைத்த அவுட்டுக்காயை நாய் கடிப்பது. தாடை சிதறி வந்த ஒரு நாயைக் கையில் ஏந்தியபடி அழுத பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை; அந்த நாயைக் காப்பாற்றவும் முடியவில்லை. விளைக்குள், வேலிக்குள் நின்று குரைத்துப் பன்றியை அண்டவிடாமல் இருப்பது போதும். அதைக் காயடித்த கறுப்பனும் செய்வான்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

இதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். மாட்டுக்கு விதை நசுக்கும் இடுக்கியை நாய்க்குப் பயன்படுத்துவதாக யாராவது சொன்னால், நாயை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். கூடுதல் வசதி வேண்டுமென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது, இது கன்னி நாய் என்பது. மெலிந்த, கொழுப்பில்லாத வேட்டை நாய்களுக்குத் தியோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்கிவிடும், உடற்சூடும் சட்டென்று இறங்கும். இதை அறிந்தால் அவர் மருந்தை மாற்றிக்கொள்வார், போர்த்தி வைப்பார். இரண்டாவது, உண்ணி. ரப்பர்த் தோட்டத்தில் திரியும் நாய்க்கு உண்ணிக்காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கலாம். அது இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும், அந்நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் நிற்காது. கரிசல் காட்டு வெயிலில் காய்ந்து வளர வேண்டிய இனத்தை, ஆண்டில் பாதி மாதம் மழை பெய்யும் மலையடிவாரத்தில் வளர்க்கிறோம். உண்ணி மருந்தை மாதந்தோறும் விடாமல் கொடுப்பது நம் கடமை. அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். செலவைச் சுருக்க நினைத்தால் வேறு எதிலாவது சுருக்குங்கள், இதில் வேண்டாம்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரத்தில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைக்கும். தை, மாசி நல்ல காலம். முன்னிரவோடு உணவை நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டும். சிக்கல் இல்லையென்றால் அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டம், குளியல், ஆற்றங்கரை எதுவும் கூடாது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போட வேண்டும். வலிக்கு மருத்துவர் கொடுத்ததை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ இபுபுரூபனோ நாய்க்கு நஞ்சாகலாம். முன்பே குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும் என்பதால், ஒன்றரை மாதம் வரை பெட்டைகளிடமிருந்து விலக்கி வையுங்கள். மதிலுக்கு மேல் உள்நோக்கிச் சாய்ந்த இரண்டடிக் கம்பிவலையை அறுவைக்கு முன்பே கட்டிவிடுவது நல்லது.

உணவுதான் கடைசி. விதை நீங்கிய உடல் முன்பைவிடக் குறைவாகவே எரிக்கும், ஆனால் பசி கூடும். பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, மாதம் ஒரு முறை எடை பாருங்கள். கன்னி நாயின் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் பார்த்தவுடன் தெரிய வேண்டும்; அவை மறையத் தொடங்கினால் சோற்றைக் குறைத்து, கயிற்றோடு நடக்கும் தூரத்தைக் கூட்டுங்கள். சித்தப்பா அஞ்சும் 'சோற்று நாய்' இந்த இடத்தில்தான் உருவாகிறது, இங்கேயே தடுத்துவிடலாம்.

அறுவை நாளன்று சித்தப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். குட்டியிலிருந்து கறுப்பனைத் தூக்கி வளர்த்த கை அவருடையது. மயக்க ஊசி போடும் அந்த ஒரு நிமிடம் அவர் கறுப்பனின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நாய் பதறாது, மருந்தும் குறைவாகவே தேவைப்படும். கண் விழிக்கும்போது முதலில் தெரியும் முகமும் அவருடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்